குறைமாதக் குழந்தையின் அம்மாவுக்குப் பால் சுரப்பு: வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் 30ஆவது வாரத்தில், 1,240 கிராம் எடையில் பிறந்தாள். அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த 43 நாட்களில் நான் கேட்ட கேள்விகள், என் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து பால் எடுத்த அம்மாக்கள் கேட்டவை, அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தவை எல்லாவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து, ஊசி என்று வரும் இடத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே குழந்தை பிறந்துவிட்டது. அதற்குள் உடம்பில் பால் தயாராகியிருக்குமா?

தயாராகியிருக்கும். கர்ப்பத்தின் பாதியிலேயே, ஐந்தாம் மாதவாக்கில், மார்பகம் சீம்பாலைச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. அது வெளியே பெருகாமல் தடுத்துவைப்பது நஞ்சுக்கொடியிலிருந்து வரும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்தத் தடை விலகுகிறது. அது ஏழாம் மாதத்தில் விலகினாலும் பத்தாம் மாதத்தில் விலகினாலும் உடம்புக்குச் செய்தி ஒன்றுதான்: குழந்தை பிறந்துவிட்டது, பால் வேண்டும்.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. கடைசி இரண்டு மாதங்களில் வளர வேண்டிய பால் சுரப்பிகள் முழுதாக வளர்ந்திருக்காது. நிறைமாத அம்மாவுக்கு இரண்டு, மூன்று நாளில் மார்பு கனத்துப் பால் இறங்கிவிடும். குறைமாதத்தில் பெற்றவர்களில் பலருக்கு அது நான்கு, ஐந்து நாள் வரை தள்ளிப்போகும். தாமதத்தைப் பார்த்து 'பாலே இல்லை' என்று சுற்றியிருப்பவர்கள் தீர்ப்புச் சொல்வதுதான் பிரச்சினை. 'ஏழு மாசக் குழந்தை பிழைக்கும், எட்டு மாசக் குழந்தை பிழைக்காது' என்ற பேச்சு இன்னும் நம் ஊரில் உலவுகிறது. ஒவ்வொரு வாரம் கூடுதலாக உள்ளே இருப்பதும் நல்லதே என்பதால் அந்தப் பேச்சு எவ்வளவு தவறோ, 'சீக்கிரம் பெத்தவளுக்குப் பால் வராது' என்பதும் அவ்வளவு தவறு.

இரண்டு சொட்டுதான் வருகிறது. இதைப் போய் என்ன சேகரிப்பது?

அந்த இரண்டு சொட்டைத்தான் நர்ஸ் அக்கா 1 மில்லி ஊசிக்குழலில் (ஊசி இல்லாமல்தான்) உறிஞ்சி எடுத்துக்கொண்டு ஓடுவார். குழந்தைக்கு வாய்வழி எதுவும் கொடுக்காத நாட்களிலும், கன்னத்தின் உட்பக்கத்தில் பக்கத்துக்கு ஓரிரு சொட்டு, அதாவது 0.1 மில்லி சீம்பாலைத் தடவுகிற வழக்கம் பல மருத்துவமனைகளில் இருக்கிறது. அது விழுங்குவதற்காக அல்ல. சீம்பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புப் பொருள்கள், இம்யூனோகுளோபுலின் ஏ, லாக்டோஃபெரின் போன்றவை, வாயின் ஈரத்தோலில் படிவதற்காக.

இந்தச் சொட்டுகள் பம்பில் எடுத்தால் அதன் குழாயிலேயே ஒட்டிக் காணாமல் போகும். முதல் இரண்டு, மூன்று நாளைக்குக் கையால் பீய்ச்சி ஒரு ஸ்பூனிலோ சிறு கிண்ணத்திலோ பிடிப்பதே மேல். நான் முதல் தடவை பிடித்தது ஸ்பூனின் அடியை மட்டும் நனைத்தது. அதற்கே வார்டில் இருந்த பாட்டி ஒருவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

குழந்தைக்கு வேளைக்கு 2 மில்லிதான் கொடுக்கிறார்கள். எனக்கு அதைவிட அதிகமாகவே வருகிறது. பிறகு எதற்கு நாளுக்கு எட்டுத் தடவை எடுக்கச் சொல்லிப் படுத்துகிறார்கள்?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பால் குறைந்துபோன அம்மாக்களில் பலர் சறுக்கியது இந்த இடத்தில்தான். நானும் முதல் வாரத்தில் அப்படித்தான் நினைத்தேன். குழந்தைக்குத் தேவை இத்தனை துளி, என்னிடம் வருவது அதைவிட இரண்டு மடங்கு, அப்படியென்றால் போதுமே என்று.

கணக்கைப் பாருங்கள். 1,200 கிராம் குழந்தைக்கு முதல் நாட்களில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, அதாவது நாள் முழுவதற்கும் 12 முதல் 24 மில்லி போதும். குடல் பழகப் பழக ஏற்றிக்கொண்டே போவார்கள். முழுப் பாலுக்கு வரும்போது கிலோவுக்கு 150 முதல் 180 மில்லி. 1,200 கிராமுக்கு அது 180 முதல் 216. சரி, குழந்தை அதே எடையிலா இருக்கப்போகிறது? வீட்டுக்குப் போகும்போது 1,800 கிராம் இருந்தால் 270 முதல் 324. பிறக்க வேண்டிய தேதி வருவதற்குள் 3 கிலோவை நெருங்கினால் 450, 500 மில்லி கேட்கும். நீங்கள் இன்று பீய்ச்சுவது இன்று வார்மரில், அந்தச் சூட்டுப் படுக்கையில், படுத்திருக்கும் குழந்தைக்காக மட்டும் அல்ல, எட்டு, பத்து வாரம் கழித்து உங்கள் மடியில் இருக்கப்போகும் குழந்தைக்காகவும்தான்.

அதை எட்டு வாரம் கழித்துச் செய்துகொள்ளலாமே என்றால் முடியாது, அல்லது மிகவும் கஷ்டம். இறைக்கிற கிணறு ஊறும் என்பார்கள், மார்பும் அப்படித்தான். ஆனால் கிணற்றுக்கு இல்லாத ஒரு கெடு இதற்கு உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களில்தான், எவ்வளவு பால் சுரக்க வேண்டும் என்று மார்பகம் தன்னைத் தயார்செய்துகொள்கிறது. பாலை எடுக்கும்போதெல்லாம், பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஏறுகிறது. அடிக்கடி ஏறினால் சுரக்கும் செல்கள் சுறுசுறுப்பாகின்றன. எடுக்காமல் தேங்கவிட்டால், தேங்கிய பாலே 'போதும், நிறுத்து' என்று உள்ளிருந்து சொல்கிறது. அந்தச் செய்தி தொடர்ந்து போனால் சுரப்பிகள் சுருங்கத் தொடங்கும். நிறைமாதக் குழந்தை நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை சப்பி இந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது. நம் குழந்தையால் சப்ப முடியாது. அதனால் அதன் வேலையை நம் கை செய்கிறது.

ஆகவே எட்டு என்பது குழந்தையின் பசிக்கான கணக்கு அல்ல, மார்பின் பாடத்துக்கான கணக்கு. எட்டுக்குக் குறையாமல், முடிந்தால் பத்து.

எப்போது தொடங்க வேண்டும்? எனக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

பிரசவமான ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முதல் தடவை பீய்ச்சிவிட்டால் நல்லது. ஆறு மணி நேரத்தைத் தாண்டவிட வேண்டாம். ஆபரேஷன் ஆனவர்களும், கை அசையும் நிலை வந்ததும் படுத்தபடியே தொடங்கலாம். அம்மாவோ அக்காவோ கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். இரத்த அழுத்தம் ஏறி ஐசியூவில் இருப்பவர்களுக்கு இது நடக்காமல் போகலாம். அப்படிப்பட்ட ஒருவருக்கு மூன்றாம் நாள்தான் தொடங்க முடிந்தது. அவருக்கும் பிறகு பால் நன்றாகவே வந்தது. நேரம் தவறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், எழுந்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

கையால் எடுப்பதா, பம்பா?

இரண்டும். சீம்பால் நாட்களில் கை. பால் இறங்கிய பிறகு, கிடைத்தால் பம்பும் கையும் சேர்த்து. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜேன் மார்ட்டன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியது. முதல் மூன்று நாட்களில் நாளுக்கு ஐந்து தடவைக்கு மேல் கையால் பீய்ச்சி, பிறகு பம்ப் போடும்போதும் மார்பைக் கையால் அழுத்தி நீவிவிட்ட குறைமாத அம்மாக்களுக்கு, பம்பை மட்டும் நம்பியவர்களைவிடப் பால் தெளிவாகவே கூடுதலாகக் கிடைத்தது.

கையால் எடுக்கும் முறையைச் சொல்லில் விளக்குவது கொஞ்சம் சிரமம், இருந்தாலும் முயல்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, மார்பை ஓரத்திலிருந்து காம்பை நோக்கி மெதுவாக நீவிவிடுங்கள். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்துங்கள், பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்குங்கள், விடுங்கள். அழுத்து, அமுக்கு, விடு. காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோல்மேல் விரல் வழுக்கிக்கொண்டு போகவும் கூடாது. மாடு கறப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் காம்பைத்தான் பிடிப்பார்கள். புண்ணாவதுதான் மிச்சம். ஒரே இடத்தில் நிற்காமல் விரல்களைக் கடிகார முள் போலச் சுற்றி வைத்துச் சுற்றிலும் எடுங்கள். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் வராது. பயப்படாமல் தொடருங்கள்.

பம்ப் வாங்குவதென்றால், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சாரப் பம்ப் நேரத்தைப் பாதியாக்கும். விலை அதிகம். பெரிய ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கிறது, சில மருத்துவமனைகள் வார்டிலேயே வைத்திருக்கின்றன. ரப்பர் குமிழை அமுக்கி உறிஞ்சும் பழைய வகை வேண்டவே வேண்டாம். குமிழுக்குள் போகும் பாலைக் கழுவ முடியாது, கிருமி தங்கும். காம்பின் மேல் பொருந்தும் புனலின் அளவு முக்கியம். காம்பு புனலின் குழாயில் உரசி வலித்தால் அளவு தவறு. உறிஞ்சும் வேகத்தை ஏற்றினால் பால் அதிகம் வரும் என்பதும் இல்லை. வலித்தால் பால் இறங்குவதே நின்றுவிடும்.

ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். கடைசிச் சொட்டு விழுந்த பிறகும் இரண்டு நிமிடம் விட்டுவிடாமல் தொடர்ந்தால் சில பேருக்கு இரண்டாம் முறையும் பால் இறங்கும்.

ராத்திரியும் எழ வேண்டுமா? பச்சை உடம்புக்காரி, தூங்கட்டும் என்கிறார்கள்.

ஒரு தடவையாவது எழுங்கள். பின்னிரவில் புரோலாக்டின் இயல்பாகவே அதிகம். முதல் இரண்டு வாரங்களில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். எல்லாத் தடவைகளும் மணியடித்தது போல மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பகலில் ஒன்றரை மணிக்கொரு தடவை நாலைந்து முறை எடுத்துவிட்டு, இரவில் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கலாம். நாள் முடிவில் எண்ணிக்கை எட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு வந்தால் போதுமானது என்று தெரிந்துகொள்வது எப்படி?

ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணி, எத்தனை மில்லி. ஒவ்வொரு தடவையையும் பார்த்துச் சோர்ந்துபோகாமல் 24 மணி நேரக் கூட்டுத்தொகையை மட்டும் பாருங்கள். காலையில் அதிகமும் மாலையில் குறைவும் எல்லோருக்கும் இயல்பு.

முதல் இரண்டு நாளில் சில மில்லிகள். அப்புறம் ஒரு நாள் திடீரென்று ஏறும். 14ஆம் நாள் வாக்கில் ஒரு நாளுக்கு 500 மில்லி வந்துவிட்டால், குழந்தையைத் தாய்ப்பாலிலேயே வளர்த்துவிடலாம் என்று துணிந்து சொல்லலாம். இரட்டைக் குழந்தை என்றால் 750ஐக் குறிவைப்பது நல்லது. 350க்குக் கீழே இருந்தால் உடனே நர்ஸிடமோ பாலூட்டல் ஆலோசகரிடமோ நோட்டைக் காட்டுங்கள். நான் 14ஆம் நாளில் 390இல் இருந்தேன். எண்ணிக்கையை ஏழிலிருந்து பத்தாக ஏற்றிய பிறகு மேலும் ஒரு வாரத்தில் 500ஐத் தொட்டேன்.

பக்கத்துப் படுக்கைக்காரரின் பாட்டிலைப் பார்க்காதீர்கள். நானும் பார்க்காமல் இருந்ததில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

எட்டுத் தடவை எடுத்தும் எனக்குக் குறைவாகத்தான் வருகிறது. என் தவறா?

இல்லை. குறைமாதத்தில் பெற நேர்ந்த காரணங்களே பாலையும் பாதிக்கும் காரணங்களாக இருப்பது உண்டு. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், உடல் பருமன், பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு, தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை ஆகியவை பால் இறங்குவதைத் தாமதப்படுத்தக்கூடும். நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியிருந்தாலும் பால் இறங்காது. இரத்தப்போக்கு நிற்காமல் இருந்தால் இதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகப் பிரசவத்துக்கு முன் போடுகிற ஸ்டீராய்டு ஊசியும் சில நாள் பாலைத் தள்ளிப்போடலாம். அதைக் கேட்டுவிட்டு 'ஊசி போடாமல் இருந்திருக்கலாமோ' என்று ஒருவர் அழுதார். அந்த ஊசி குழந்தையின் உயிரைக் காக்கும் ஊசி. பாலைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

கவலையும் ஒரு காரணம்தான். ஆனால் அது வேலை செய்யும் விதம் வேறு. கவலையும் வலியும், பாலை வெளியே தள்ளும் ஹார்மோனான ஆக்ஸிடோசினை மட்டுப்படுத்தும், பால் இறங்குவது தடைப்படும். சுரப்பு நின்றுபோவதில்லை, வெளியே வருவதுதான் தயங்குகிறது. 'கவலைப்படாதே, பால் வத்திடும்' என்று சொல்லும் உறவினர்கள் கவலையில் இன்னொன்றைச் சேர்க்கிறார்கள், வேறொன்றும் இல்லை. குழந்தையின் அருகில் உட்கார்ந்து எடுப்பது, அதன் துணியை முகர்ந்தபடி எடுப்பது, போட்டோவைப் பார்த்தபடி எடுப்பது எல்லாம் நிஜமாகவே உதவும்.

பூண்டு, பால்சுறா, வெந்தயம், முருங்கைக்கீரை சாப்பிட்டால் பால் பெருகுமா?

பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் நல்ல சாப்பாடு. சாப்பிடுங்கள். பிறந்த வீட்டில் யாரோ ஒருவர் உங்களுக்காகப் பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கே தனி பலன் உண்டு என்று எனக்குத் தோன்றும். முருங்கைக்கீரையை வைத்துக் குறைமாத அம்மாக்களிடமே பிலிப்பைன்ஸில் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆய்வு நடந்திருக்கிறது, அங்கும் அது நம் ஊர் போலவே பிள்ளை பெற்றவர்களுக்கான கீரை. பலன் தெரிந்தது, ஆனால் சிறிய ஆய்வு. வெந்தயத்தை உணவில் சேர்ப்பது சரி. கரண்டி கரண்டியாகவோ மாத்திரையாகவோ எடுத்தால் சர்க்கரை அளவைக் குறைத்துவிடும்; இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடும் ஒத்துப்போகாது. சதாவரிப் பொடிக்கும் லேகியத்துக்கும் இதே எச்சரிக்கை: என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

எனக்குச் சண்டை வந்தது பத்தியத்தோடுதான். தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று தம்ளர் கணக்கில் தண்ணீர் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பழம், தயிர், கீரை என்று ஒவ்வொன்றாக விலக்கிக் கடைசியில் ரசம் சோறு மட்டும் மிஞ்சும். பாலூட்டும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பரிந்துரை. தாகம் எடுக்கும் அளவுக்குத் தண்ணீர், பசிக்கும் அளவுக்குச் சோறு, பருப்பு, முட்டை அல்லது மீன். அதற்காகத் தண்ணீரை வலிந்து குடித்தாலும் பால் கூடாது.

ஒன்று மட்டும் உறுதி. எட்டுத் தடவை எடுக்காமல் பால்சுறா மட்டும் சாப்பிட்டால் சுறாவுக்குத்தான் நஷ்டம்.

பால் சுரக்க மாத்திரை இருக்கிறதாமே?

டோம்பெரிடோனைத்தான் சொல்கிறீர்கள். வாந்திக்கான மாத்திரை. புரோலாக்டினை ஏற்றுவது அதன் பக்கவிளைவு. குறைமாத அம்மாக்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் நாளுக்கு ஏறக்குறைய 100 மில்லி வரை கூட்டியது. கையால் எடுப்பதை ஒழுங்குபடுத்திய பிறகும் போதாதவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கலாம். மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கக் கூடாது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது என்பதால் 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு எதிராக எச்சரித்தது. இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. காம்பில் வரும் பூஞ்சைப் புண்ணுக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோலோடு சேர்த்து எடுக்கவும் கூடாது. மெட்டோகுளோபிரமைடு என்ற இன்னொன்று மனச்சோர்வைக் கொண்டுவரலாம். ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கும் காலத்தில் அது தேவையா என்பது என் கருத்து.

கங்காரு முறையில் நெஞ்சில் வைத்துக்கொண்டால் பால் கூடும் என்கிறார்கள். உண்மையா, ஆறுதலுக்குச் சொல்கிறார்களா?

உண்மை. குழந்தையை நெஞ்சோடு தோலோடு தோலாக வைத்துக்கொண்ட பிறகு பீய்ச்சினால் பலருக்குப் பாட்டிலில் கோடு மேலே ஏறும். கொலம்பியாவில் பொகோட்டா நகரத்து மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதாத நெருக்கடியில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் 1978இல் தொடங்கியது இது. இல்லாமையில் பிறந்த ஏற்பாடு என்றே நெடுநாள் பேசப்பட்டது. பிறகு இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு, 2021இல் வெளியானது, கதையை மாற்றியது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் உண்டு. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்தவுடனேயே அம்மாவின் நெஞ்சில் வைத்தார்கள். முதல் 28 நாட்களில் இறப்பு நூற்றுக்கு 15.7இலிருந்து 12 ஆகக் குறைந்தது. அதையடுத்து 2022இல் உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை கங்காரு பராமரிப்பைப் பரிந்துரைத்தது.

ஆக, 'ஒரு மணி நேரம் வெச்சுக்கோம்மா, போதும்' என்று யாராவது சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் கேளுங்கள். அப்பாவும் பாட்டியும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் பால் வராது, நீங்கள் தூங்கலாம்.

என் பால் தண்ணீராக இருக்கிறது. அதில் ஏதோ பவுடர் கலந்து கொடுக்கிறார்கள். என் பாலில் சத்தில்லையா?

குறைமாதத்தில் பெற்றவரின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதம், நிறைமாதத் தாயின் பாலில் இருப்பதைவிட அதிகம். பால் பார்வைக்கு நீலம் பாய்ந்து தண்ணீராகத் தெரிவது அதன் இயல்பு, கொழுப்பு மேலே ஏடாக மிதப்பதும் அப்படியே. கலப்பது பால்மாவு அல்ல, கூட்டுச்சத்து. வயிற்றுக்குள் நஞ்சுக்கொடி வழியாக வந்திருக்க வேண்டிய கால்சியம், பாஸ்பரஸ், புரதம் ஆகியவற்றை எந்தத் தாயின் பாலும் அந்த வேகத்தில் கொடுக்க முடியாது. குழந்தை கிலோவுக்கு 100 மில்லி அளவுக்குப் பால் ஏற்கும்போது பொதுவாகத் தொடங்குவார்கள்.

எனக்குப் பால் வரும்வரை டின் பால் கொடுத்தால் என்ன?

குடல். குறைமாதக் குழந்தையின் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் உண்டு. டாக்டர்கள் என்.இ.சி. என்பார்கள். 1990இல் பிரிட்டனில் 926 குறைமாதக் குழந்தைகளைக் கவனித்த ஆய்வில், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட டின் பால் மட்டும் குடித்தவர்களுக்கு இது ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக வந்தது. அதனால்தான் சொந்த அம்மாவின் பால் முதலில், அது இல்லையென்றால் தானமாகக் கிடைத்த தாய்ப்பால், கடைசியில்தான் டின் என்று வரிசை வைக்கிறார்கள். இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி டின் பாலுக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யவே கூடாது. நான் இருந்த இடத்தில் ஒருவர் கம்பெனிப் பெயர் அச்சிட்ட காலண்டரோடு வந்துபோனார், அது வேறு கதை.

தாய்ப்பால் வங்கி என்றால் பதற வேண்டாம். உலகின் முதல் வங்கி 1909இல் வியன்னாவில் தொடங்கியது. இந்தியாவில் 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கினார். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உட்படத் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இப்போது உண்டு. தானம் தருபவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிஃபிலிஸ் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, கிருமிப் பரிசோதனைக்குப் பிறகே கொடுப்பார்கள். சூட்டில் எதிர்ப்புப் பொருள்கள் கொஞ்சம் குறையும், ஆகவே உங்கள் பாலுக்கு அது முழு ஈடாகாது. பக்கத்துப் படுக்கை அக்கா அன்பாகத் தரும் பாலை நேரடியாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அன்பில் குறையில்லை, பரிசோதனை இல்லை.

பாலை எப்படி வைத்திருப்பது?

மூடியுள்ள ஸ்டீல் அல்லது கண்ணாடிக் கிண்ணம், அல்லது மருத்துவமனை தரும் புட்டி. கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்தது. பெயர், தேதி, நேரம் ஒட்டுங்கள். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் என்பது 25 டிகிரி அறைக்கான கணக்கு. சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் ஓடும் வார்டில் அதை நம்பாமல் உடனே குளிர்ப்பெட்டியில் வையுங்கள், கதவில் அல்ல, உள்பக்கமாக. குளிர்ப்பெட்டியில் எத்தனை மணி நேரம் என்பது வார்டுக்கு வார்டு மாறும். 24 மணி நேரம் என்று கொண்டால் தவறு வராது. உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் மூன்று மாதம். வீட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் ஐஸ் கட்டிகளோடு பிளாஸ்க்கில். வெந்நீரில் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்குங்கள், அடுப்பில் நேராக வேண்டாம்.

எப்போது நேரடியாகச் சப்பும்?

சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒருசேரச் செய்ய 32, 34 வாரம் ஆகும். அதற்கு முன் மூக்கு வழியோ வாய் வழியோ குழாய். பிறகு பாலாடை, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் அதே பாலாடைதான். இந்தியா முழுக்க டாக்டர்கள் அதைப் 'பாலாடை' என்ற நம் சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள் என்று அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பாட்டில் காம்பைவிட இதைக் கழுவுவது எளிது, குழந்தை காம்பு மாறிக் குழம்புவதும் இல்லை.

அதற்கும் முன்பே, பீய்ச்சி முடித்த வெறும் மார்பில் குழந்தையை வைத்துப் பழக்கலாம். அது நக்கும், மோப்பம் பிடிக்கும், தூங்கிவிடும். வீணான வேலை இல்லை, பாலும் கூடும்.

நன்றாக வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது வாரத்தில் திடீரென்று குறைகிறது.

பலருக்கு நடக்கும். பெரும்பாலும் அப்போதுதான் எண்ணிக்கை எட்டிலிருந்து ஐந்துக்கு வந்திருக்கும், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்திருப்பீர்கள், பம்பின் ரப்பர் வால்வு தேய்ந்திருக்கும். வால்வை மாற்றிப் பாருங்கள். இரண்டு நாளைக்கு, மாலை முழுக்க மணிக்கொரு தடவை என்று சிறிது சிறிதாக எடுத்துப் பாருங்கள். கருத்தடை மாத்திரை ஏதும் புதிதாகத் தொடங்கினீர்களா என்றும் யோசியுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ளவை பாலைக் குறைக்கும்.

மார்பு கல்லாகி, சிவந்து, காய்ச்சல் வந்தால்?

எடுப்பதை நிறுத்தாதீர்கள், வலிந்து பிழியவும் வேண்டாம். குளிர்ந்த ஒத்தடம், அன்றே டாக்டர்.

குழந்தை எங்களை விட்டுப் போய்விட்டது. பால் மட்டும் வருகிறது.

இந்தக் கேள்வியை வார்டில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். திடீரென்று நிறுத்தினால் மார்பு கட்டிக்கொள்ளும். வலி குறையும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் எடுத்து, இடைவெளியை நாளுக்கு நாள் நீட்டிக்கொண்டே போங்கள். இறுக்கிக் கட்டாமல், தாங்கும்படியான உள்ளாடை, குளிர் ஒத்தடம். நிறுத்த மாத்திரையும் உண்டு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதை டாக்டரிடம் நினைவூட்டுங்கள். சில அம்மாக்கள் சில வாரம் பாலை வங்கிக்குக் கொடுக்கிறார்கள். சிலருக்கு அதை நினைக்கவே முடியாது. இரண்டில் எதைச் செய்தாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பீய்ச்சுவதை எப்போது நிறுத்தலாம்?

ஒரே நாளில் வேண்டாம். குறைமாதக் குழந்தைகள் சப்பும்போதே தூங்கிவிடும், மார்பை முழுதாகக் காலி செய்யாது. முதல் வாரங்களில் சப்பக் கொடுத்த பிறகு மிச்சத்தைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறுகிறது, ஆறு முதல் எட்டுத் துணி நனைகிறது என்றால் ஒரு பீய்ச்சலை விடுங்கள். அடுத்த வாரம் எடை குறையவில்லை என்றால் இன்னொன்று. என் மகள் பிறந்திருக்க வேண்டிய தேதி கடந்து மூன்று வாரம் கழித்துத்தான் நான் வாடகைப் பம்பைத் திருப்பிக் கொடுத்தேன். பின்னிரவு இரண்டு மணித் தடவையைத்தான் கடைசியாக விட்டேன். அதற்கப்புறமும் ஒரு மாதம் அந்த நேரத்துக்கு எழுந்துகொண்டிருந்தேன், அவள் தூங்கிக்கொண்டிருப்பாள்.